ரிப்பன் மட்டும் அவள் கட்டினாள்

அன்று காலை என் தங்கை மாலதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அவள் மகள் தர்ஷினி நின்றாள். பள்ளிச் சீருடை போட்டாயிற்று, காலுறை மட்டும் பாக்கி. நான் பக்கத்தில் நின்று, பின்னி முடித்த இரட்டைச் சடையில் ஒன்றின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே இன்னும் விடியவில்லை. ஈப்போ பக்கத்து லகாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்பு மலை அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஏற்றிவைத்த ஊதுவத்தி வாசம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

மாலதியின் கையில் நீல ரிப்பன். மடித்த சடையில் அதைச் சுற்றி ஒரு பூ முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. ஒரு சுற்றுச் சுற்றினாள், நழுவியது. மறுபடி சுற்றினாள். மறுபடி நழுவியது.

கடைசியில் முடிச்சு விழுந்தது. ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது.

தர்ஷினி கண்ணாடி முன்னால் போய்த் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சமையலறையில் மைலோ கலக்கிக்கொண்டிருந்த என் கணவரிடம் ஓடினாள். "பெரியப்பா, இங்க பாருங்க. அம்மா எனக்குச் சட போட்டு விட்டாங்க."

சடை போட்டது நான். எண்ணெய் வைத்தது நான். சிக்கெடுத்தது நான், அதற்காக அவள் அழுது முறைத்ததை வாங்கிக்கொண்டதும் நான்.

மனநலத் துறையில் பல வருடம் குப்பை கொட்டியவள், நாற்பதைத் தாண்டியவள், ஒன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தையில் வயிறு எரிந்து நின்றேன். இந்த வாரம் அந்த வயிற்றெரிச்சலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நல்ல மனசுக்காரர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் பார்க்கப் போய்விடலாம்.

வேலை வாங்கித் தருகிறவள் இல்லை

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஈப்போவில் ஒரு மனநலப் பகல் மையத்தில் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். அதை நம்பி, "மிஸ், என் மவன் வீட்டுல சும்மா இருக்கான், எங்கியாச்சும் ஒரு வேல பாத்துக் குடுங்க லா" என்று வந்தவர்கள் நிறைய.

என் வேலை அதுவல்ல. மனநோய் வந்தால் மனம் மட்டும் படுப்பதில்லை. பல் தேய்ப்பது, குளிப்பது, சோறு வடிப்பது, பஸ் பிடிப்பது எல்லாம் கூடவே படுத்துவிடும். டாக்டர் மருந்து கொடுப்பார். உளவியலாளர் பேசுவார். நான் பல் தேய்க்க வைப்பேன். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் குளிக்காமல் கிடந்த ஒருவர் தானாகப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. எந்த வேலையையும் படிகளாகப் பிரிப்போம். நோயாளியால் முழுவதும் செய்ய முடியாதபோது, முதல் படியில் ஆரம்பிக்க மாட்டோம். கடைசிப் படியில் ஆரம்பிப்போம். மற்றதையெல்லாம் நாங்கள் செய்து வைத்துவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் அவரிடம் விடுவோம். அது கைவந்த பிறகு அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது.

முதலில் இருந்து தொடங்கினால் பாதியில் களைத்துப் போட்டுவிடுவார். கடைசியைக் கொடுத்தால் கை வைத்ததுமே வேலை முடிந்துவிடும். முடித்தது நான்தான் என்ற நிறைவு அவருக்குப் போய்ச் சேரும். அந்த நிறைவுக்காகத்தான் இத்தனை பாடும்.

காதர் அண்ணனின் டீ

எங்கள் மையத்துக்கு ஒரு காதர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். ஒரு காலத்தில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். நோய் வந்த பிறகு கடையைத் தம்பிமார்கள் பார்த்துக்கொண்டார்கள். இவர் மையத்தின் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவரிடம் நான் கொடுத்த முதல் வேலை, கலந்து ஆற்றித் தயாராக இருக்கும் டீயை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போவது. அவர் தூக்கிப் போனார். குடித்தவர்கள், "டீ நல்லாருக்கு லா அண்ணே" என்றார்கள்.

"நான் என்னா செஞ்சேன், தூக்கியாந்தேன்," என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் ஆற்றுவது அவர் கைக்குப் போனது, பிறகு பால் ஊற்றுவது, பிறகு தேயிலை. ஒருநாள், "மிஸ், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று என்னையே அடுப்படியிலிருந்து விரட்டினார்.

அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டீ போட்ட கை யாருடையது என்று ஒருவரும் கேட்கக் கூடாது, அதுதான் நம் வெற்றி என்று பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் வாய் கிழியப் பேசுவேன். பேசுவதில் என்ன இருக்கிறது? அந்த டீயில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டியிருக்கவில்லை.

மாலதி படுத்துவிட்டாள்

மாலதி எனக்கு ஒரே தங்கை. பீடோரில் குடியிருந்தாள். அங்கே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை. அவள் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

ஏதோ ஒரு மழைக்காலத்தில் அவள் வேலைக்குப் போவது நின்றது. பிறகு சமைப்பது நின்றது. பிறகு கட்டிலை விட்டு எழுவதும் நின்றது. என்ன காரணம் என்று எல்லோரும் கேட்டார்கள். புருஷன் சரியில்லையா, கடனா, யாராவது ஏதாவது செய்து வைத்துவிட்டார்களா? காரணம் கிடைத்தால் பாதி நோய் போய்விடும் என்று நம் சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. காரணமே இல்லாமலும் மனச்சோர்வு வரும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

தாயையும் பிள்ளையையும் லகாட்டில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பின்னறையை மாலதிக்கு ஒதுக்கினோம். தர்ஷினியை இங்கே தமிழ்ப்பள்ளிக்கு மாற்றினோம்.

எனக்கும் என் கணவர் சேகருக்கும் குழந்தை இல்லை. அதற்காக நாங்கள் பட்ட பாட்டை முன்பே எழுதிவிட்டேன், மறுபடி வேண்டாம். அந்த வீட்டில் முதல்முறையாகக் கதவு மூலையில் சின்னச் செருப்பு கிடந்தது. குளியலறையில் ஸ்ட்ராபெரி வாசனைப் பற்பசை. சிம்பாங் பூலாயில் பளிங்குக்கல் ஆலையில் வேலை முடிந்து தூசியோடு வரும் சேகர், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே வாசல் குழாயில் முகம் கழுவ ஆரம்பித்தார், பிள்ளைக்கு இருமல் வந்துவிடுமாம்.

தங்கை நோயில் கிடக்கிறாள், எனக்கோ காலையில் எழுந்திருக்க ஆசையாக இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பழமொழியின் இரண்டாவது பாதி என் விஷயத்தில் எங்கே போய் உட்காரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஃபரிடாவிடம்தான் சொன்னாள்

சொந்தக்காரர்களுக்கு நாமே சிகிச்சை பார்க்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது எழுதி வைத்த விதி. அதனால் மாலதியை வேறொரு மையத்தில் இதே வேலை செய்யும் என் தோழி ஃபரிடாவிடம் அனுப்பினேன். அமைதியான பெண். பேசுவதை விடக் கேட்பது அதிகம்.

நாங்கள் எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் போல இருக்கிறது? இதை நானும் மாலதியிடம் வீட்டில் கேட்டுப் பார்த்தேன், வாரா வாரம். "ஒன்னும் வேணாம் லா அக்கா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பல மாதம் கழித்து ஒருநாள் ஃபரிடா என்னை நேரில் வரச் சொன்னார். பக்கத்தில் மாலதியும் இருந்தாள். "மாலதி ஒன்று சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொல்லச் சொன்னார்," என்றார் மலாயில். "மகளுக்குச் சடை பின்ன வேண்டுமாம்."

எனக்குக் கண்ணீர் வந்தது. அது சந்தோஷக் கண்ணீர் என்று ஃபரிடா நினைத்துக்கொண்டார், பாதி சரிதான். மீதிப் பாதி, என்னிடம் சொல்லாததை இந்த அம்மாவிடம் எப்படிச் சொன்னாள் என்ற ஆத்திரம். கூடப் பிறந்தவள் நான், கஞ்சி ஊற்றுகிறவள் நான், வாயைத் திறந்தது வேறு ஒருவரிடம்.

சடை பின்னுவதைப் படிகளாகப் பிரித்து, கடைசியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் ஃபரிடா. காலையில் கூட இருந்து செய்ய வீட்டில் ஆள் வேண்டும்.

"உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெரட்டுக்குப் போன அம்மா

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மாலதிக்கு முதன்முதலில் சடை போட்டு விட்டதே நான்தான்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டினார். விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கு ஓட வேண்டிய அம்மாவுக்கு எங்கள் தலையைப் பார்க்க நேரமில்லை. என்னிடம் சீப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நானே சின்னப் பெண், எனக்கு என்ன தெரியும்? அவள் அழ அழச் சிக்கெடுத்துப் பின்னுவேன்.

மாலதிக்கு அடர்த்தியான முடி, கைக்குள் அடங்காது. எனக்கு எலிவால். பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிற அக்காமார்களெல்லாம், "மாலதிக்கு என்னா முடி பாரு" என்பார்கள். பின்னியது யார் என்று கேட்க மாட்டார்கள். ஆக, இந்த வயிற்றெரிச்சல் எனக்கு நேற்று வந்த வியாதி அல்ல. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, ரப்பரை அழித்துச் செம்பனை வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. இது மட்டும் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

தர்ஷினிக்கு மாலதியின் முடி. இரண்டு சடையையும் மடித்துக் கட்டினால் காதுக்குப் பக்கத்தில் கனமாகத் தொங்கும். முதல் நாள் அதைக் கையில் எடுத்தபோது, இது எனக்குத் தெரிந்த முடி என்று தோன்றியது.

பின்னால் இருந்து முன்னால்

இப்போது அந்த ரிப்பன் காலைக்குத் திரும்பலாம்.

தர்ஷினி வேனில் ஏறிப் போன பிறகு சேகர் என் முகத்தைப் பார்த்தார். "பந்தல் போட்டது நீ, மால போட்டுக்கிட்டது அவ. அதானே?" என்றார்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல. இதுதான் முறை."

"முறதான். ஆனா ஒன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

முறை வேலை செய்தது. அதுதான் கொடுமை. சில வாரங்களில் ரிப்பன் முடிச்சின் இரண்டு காதும் ஒன்றுபோல வந்தன. பிறகு சடையை மடிப்பது மாலதி கைக்குப் போனது. பிறகு கடைசிப் பின்னல்கள். பிறகு பாதிச் சடை. நான் பின்னிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தி, மூன்று பிரிகளையும் அவள் விரல்களில் மாற்றிக் கொடுப்பேன். அவள் விரல் என் விரலில் படும். சில்லென்று இருக்கும். போகப் போக அந்த விரலில் சூடு வந்தது.

அவளும் மாறிக்கொண்டே வந்தாள். முதலில் ரிப்பனைக் கட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். பிறகு வாசல்வரை வந்து வேனுக்குக் கை காட்டினாள். ஒருநாள் நான் மையத்திலிருந்து திரும்பியபோது தர்ஷினியின் பள்ளிச் சட்டை கொடியில் தொங்கியது, நான் துவைக்கவில்லை. டாக்டர் சந்தோஷப்பட்டார். ஃபரிடா சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் இந்த முறையில் எனக்குத் தெரியாத ஒரு விஷமம் இருந்தது. கடைசியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கொடுத்துக்கொண்டே வந்தால், உதவி செய்கிறவளுக்குக் கடைசியில் மிஞ்சுவது முதல் படி. சடையின் முதல் படி சிக்கெடுப்பது. அதாவது, வலிக்கிற வேலை எனக்கு, அழகு பார்க்கிற வேலை அவளுக்கு.

தர்ஷினிக்கு நான் சீப்பும் கையுமாக வந்தாலே முகம் சுருங்கும். "பெரியம்மா, மெதுவா, வலிக்குது" என்று சிணுங்குவாள். கவனத்தைத் திருப்ப நான் ஒரு குரங்குக் கதையை இழுத்து இழுத்துச் சொல்வேன். சிக்கு முடிந்ததும் அம்மாவின் கைக்கு நழுவுவாள். அங்கே போனதும் தோள் தளர்ந்து, கண் சொக்கி நிற்பாள். நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். நோயாளிகள் வீட்டில் இப்படி விட்டுக்கொடுத்து ஓரமாக நின்ற எத்தனை அம்மாக்களை நான் பாராட்டியிருப்பேன், அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று கேட்டதே இல்லை.

கையைக் கட்டிக்கொண்டு

முழுச் சடையையும் மாலதியே போட வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கென்று தர்ஷினியின் முடியில் சிக்கு அதிகம். மாலதி சீப்பை வைத்து இழுத்தாள். பிள்ளை கத்தினாள். மாலதியின் கை அப்படியே நின்றுவிட்டது. வாய் கோணியது. பழைய முகம் திரும்பி வருவதைப் பார்த்தேன்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மாணவிகளுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது இதுதான். நோயாளி தடுமாறும்போது உன் கை தானாக நீளும், நீளவிடாதே. நீ ஒருமுறை வாங்கிச் செய்துவிட்டால், உன்னால் முடியாது என்று அவரிடம் சொன்ன மாதிரி.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. தர்ஷினி அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, நீங்க போட்டு விடுங்க. லேட்டாவுது."

அந்தக் கணத்தில் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டீர்கள். என்னைத்தான் கேட்டாள். பெற்றவள் முன்னாலேயே கேட்டாள். என் தங்கை தோற்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அன்று ஒருநாள் மட்டும் தோற்றால் போதும் என்று விரும்பினேன்.

என் கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. நல்ல எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால். பல வருடப் பயிற்சி உடம்பில் ஊறியிருந்தது, மனசு கெட்டிருந்தாலும் கை கெடவில்லை. சேகரிடம், வேனைப் போகச் சொல்லுங்கள் என்றேன்.

"அம்மா போடுவாங்க," என்றேன் தர்ஷினியிடம். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாலதி என்னைப் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் சிக்கைப் பிரிக்க ஆரம்பித்தாள். நேரம் ஆனது. சடை கோணலாக வந்தது. வகிடு பாதியில் வளைந்து போனது. ஆனால் சடை.

நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலில் இறங்கும்போது ஒரு பக்க ரிப்பன் தளர்ந்து தொங்கியது. சரி செய்யலாம் என்று கை நீட்டினேன். தர்ஷினி இரண்டு கையாலும் சடைகளைப் பொத்திக்கொண்டாள்.

"தொடாதீங்க பெரியம்மா. அம்மா போட்டது."

மையத்தில் அன்று யாருக்கோ சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுத்தேன். யார் என்று நினைவில்லை.

யார் கேட்கிறது?

பள்ளி விடுமுறை நெருங்கியது. மாலதியின் கணவருக்குப் பீடோருக்குப் பக்கத்தில் தாப்பாவில் வேலை கிடைத்துவிட்டது. தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாலதி சொன்னாள். "அக்கா, பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள பீடோருக்கே போயிரலாம்னு இருக்கோம்."

"இப்பவே எதுக்கு? இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாமே," என்றேன்.

மறுநாள் ஃபரிடாவுக்குப் போன் போட்டேன். இவ்வளவு சீக்கிரம் தனியாகப் போவது சரியா, நோய் திரும்பினால் யார் பார்ப்பது, பிள்ளையை மறுபடி பள்ளி மாற்றுவது நல்லதா என்று அடுக்கினேன். எல்லாமே நியாயமான கேள்விகள்தான்.

ஃபரிடா முழுவதும் கேட்டுவிட்டு, "கேட்பது தெரபிஸ்டா, பெரியம்மாவா?" என்றார்.

அவர் அதற்கு மேல் அழுத்தவில்லை. டாக்டரிடம் மாதா மாதம் வர வேண்டும், மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, தூக்கம் கெட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று மாலதியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். "தயாராகத்தான் இருக்கிறார்," என்றார்.

பீடோர் வீட்டில்

சேகரின் நண்பருடைய வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். பீடோர் வெயிலில் சாலையோரமெல்லாம் கொய்யாக் கடை. மாலதியின் வீடு பூட்டிக் கிடந்து புழுக்க வாடை அடித்தது. சேகரும் மாலதியின் கணவரும் கட்டிலைப் பொருத்தினார்கள். தர்ஷினி பழைய சைக்கிளைக் கண்டுபிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள்.

சமையலறையில் நானும் மாலதியும். அவள் கோப்பி போட்டாள். நான் மேசை ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸைத் திறந்தது, தண்ணீர் வைத்தது, குவளையைக் கழுவியது. பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"என்னா, மார்க் போடுறியா?" என்றாள்.

"போட்டா பாஸ்தான்."

அவள் சிரித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் எப்படி எந்திரிச்சேன்னு ஒனக்குத் தெரியுமா?"

மருந்து என்பாள், ஃபரிடா என்பாள். அதற்குப் பிறகு என் பெயர் வரும் என்று எனக்கு ஒரு சபலம். காத்திருந்தேன்.

"ரூமுல படுத்துக்கிட்டு இருப்பேன். வெளிய நீ அவளுக்குத் தல வாருறது கேக்கும். அவ கத்துவா. நீ அந்தக் கொரங்குக் கதய சொல்லுவ. அப்பறம் ரெண்டு பேரும் சிரிப்பீங்க. எனக்கு உள்ள பத்திக்கிட்டு எரியும் அக்கா. பசி இல்ல, தூக்கம் இல்ல, சாவணும்னுகூடத் தோணல, ஒன்னுமே தோணாமதான் கெடந்தேன். அது மட்டும் தோணுச்சு. ஒருநா அவ ஒன்ன அம்மான்னு கூப்டுட்டு, சாரி பெரியம்மான்னு சொன்னா. ஞாபகம் இருக்கா?"

நினைவில் இல்லாமலா? அந்த ஒரு சொல்லை நான் சேகரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அதுக்கடுத்த தடவ போனப்பத்தான் ஃபரிடாகிட்ட சொன்னேன், சட போடணும்னு."

மருந்து அவளை எழக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்திருந்தது, அதை அவளும் மறுக்கவில்லை. ஆனால் எழுப்பியது வேறு. என் முறையில்லை, என் பொறுமையில்லை, கஞ்சியுமில்லை. என் மேல் அவளுக்கு வந்த பொறாமை. அதைக் கேட்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் பொறாமைக்கு முடிவில் ஒரு பிள்ளை கிடைத்தது. என்னுடையதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

"நீ படிச்சவ. ஒனக்கெல்லாம் இப்படி வராதுல்ல?" என்றாள்.

இத்தனை மாதத்தில் யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை. "வந்துச்சு," என்றேன். "இப்பவும் இருக்கு. நீ அவள கூட்டிட்டு வந்தது எனக்குத் தாங்கல."

மாலதி கோப்பியை இரண்டு குவளையில் ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து ஒன்றை என் பக்கம் தள்ளினாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் லா," என்றாள்.

"எப்பருந்து?"

"மொதல்லேருந்தே. நான் படுத்தப்ப அவரோட அக்காவும் கூப்பிட்டாங்க, பிள்ளைய நாங்க பாத்துக்கிறோம்னு. கடமைக்குக் கூப்பிட்டாங்க. நான்தான் ஒங்கிட்ட போறேன்னு சொன்னேன். ஆசப்படாதவங்ககிட்ட பிள்ளைய எப்படிக்கா விடுறது?"

கூடத்தில் ஆண்கள் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாசலிலிருந்து தர்ஷினி, "அம்மா" என்று கூப்பிட்டாள். இருவரும் எழுந்தோம். நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.